ஓடினால் பருந்து, நின்றால் அன்னம்

நான் செய்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். அடக்கம் படித்தவர்களுக்கு அழகு. நான் நாலாம் வகுப்போடு நின்றவன், எனக்கு அது கட்டுப்படியாகாது.

மேட்டுப்பாளையம் ரோட்டில், துடியலூரைத் தாண்டி, ஆவாரஞ்செடி மண்டிக் கிடந்த பொட்டலில் தனியாளாக நின்று பெயிண்ட் பட்டறை போட்டேன். கரண்ட் கம்பம் வருவதற்கு முன்னால் என் பட்டறை வந்தது. பஸ்ஸுக்கு வர்ணம் அடிக்கத் தூசி புகாத கொட்டகை வேண்டும் என்று சுற்று வட்டாரத்தில் யாருக்கும் தோன்றாத காலத்தில், கோணிச் சாக்கை நனைத்து நாலு பக்கமும் தொங்கவிட்டு நான் கொட்டகை கட்டினேன். பீளமேட்டு மில் வாசல்களில் ஆள் உயர எழுத்தெல்லாம் மூங்கில் சாரத்தில் ஒற்றைக் காலில் நின்று எழுதினேன். இங்கிலீஷ் தெரியாமலே இங்கிலீஷ் எழுதினேன், ஒரு பிழை வந்தது கிடையாது. தெரிந்தவனுக்குத்தான் பிழை வரும். எனக்கு அது எழுத்தே அல்ல, படம். இருக்கிறபடி இறக்கிவிடுவேன். ஸ்ப்ரே துப்பாக்கி வந்தபோது, பிரஷ்காரன் செத்தான் என்றார்கள். அந்தத் துப்பாக்கியையும் நானே பிரித்துப் பார்த்து, நானே மாட்டி, நானே அடித்தேன்.

இத்தனையும் செய்த நான், இதற்கெல்லாம் முன்னால் ஒரு முறை, தகரத்தில் அப்பிய பட்டியைத் தேய்க்கும் எடுபிடி வேலைக்கே திரும்பிப் போக இருந்தேன். கம்ப்யூட்டரில் படம் போட்டு ஸ்டிக்கர் வெட்டுகிற நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். மற்றதெல்லாம் பெருமை. இது பாடம்.

ஐம்பதுகளின் கடைசி என்று வையுங்கள். எனக்கு மீசை கறுத்து வந்த வயது. அப்போது நான் வேலை பார்த்தது என் சொந்தப் பட்டறையில் அல்ல. டவுனில், பஸ் பாடி கட்டும் ஒரு பெரிய கொட்டகையின் ஓரத்தில், பாயிடம். கோட்டைமேட்டுக்காரர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். எழுதிய எந்தப் பலகையிலும் அவர் தன் பெயரைப் போட்டதில்லை, அதனால் நானும் இங்கே போடவில்லை. மெலிந்த மனிதர். காலையில் மில் சங்கு ஊதும்போது வெள்ளைச் சட்டையோடு வருவார், சாயங்காலம் அதே வெள்ளையோடு போவார். பெயிண்ட் வேலை செய்பவன் சட்டையில் ஒரு பொட்டு இல்லாமல் வீட்டுக்குப் போனால் அவன்தான் தொழிலாளி என்பார். இன்றைக்கும் டர்பன்டைன் வாசனை எங்கேயாவது வந்தால், அவர் இரண்டு விரலில் பிரஷைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்து நிற்பது என் கண்ணுக்குள் வந்துவிடும்.

அவரிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. உயிருள்ளவற்றுக்குக் கண் எழுத மாட்டார். மயிலா, மானா, யானையா, எதுவானாலும் ஒரே வர்ணத்தில் நிழல் விழுந்த மாதிரி உருவம் மட்டும் இருக்கும். அவருடைய மார்க்கம் அது. பார்க்கவும் அழகாக இருக்கும். பத்து வண்டிகளுக்கு நடுவில் பாய் வண்டியை அடையாளம் கண்டுவிடலாம்.

ஒரு நாயுடு முதலாளி புது பஸ் விட்டார். கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து சத்தியமங்கலம். வண்டிக்கு அன்னம் வேண்டும் என்றார். அது அவர் வீட்டு அம்மாவின் விருப்பம். பெயர்ப் பலகை படிக்கத் தெரிந்தவர்கள் அன்றைக்குக் கொஞ்சம்தான். மயில் வண்டி, யானை வண்டி என்று படத்தை வைத்துத்தான் சனங்கள் ஏறுவார்கள். அதனால் வழியில் இருக்கிற சந்தைகளிலெல்லாம் முதலாளி தமுக்கடித்துச் சொன்னார், அன்னம் போட்ட வண்டி வருகிறது என்று.

பாய்க்கு அந்த வாரம் காய்ச்சல். பிரஷை என் கையில் கொடுத்தார். அதுவரை எனக்கு உப்புத்தாளும் பட்டியும்தான். “நீயே எழுதிரு கண்ணு. கை நடுங்கினா மூச்சைப் புடி” என்றார். அவ்வளவுதான் உபதேசம்.

தகரத் தகட்டில் அச்சு வெட்டினேன். நடுவில் விரித்த இறக்கை. வலது பக்கம் நீண்ட கழுத்து, நுனியில் தலை என்று லேசான தடிப்பு. இடது பக்கம் வால், குட்டையாக, மழுங்கலாக. கண் கிடையாது. வெண்ணெய் நிற வண்டியில் கருநீல அன்னம். வண்டியின் வலது பக்கம் ஒன்று, இடது பக்கம், அதாவது ஆள் ஏறும் பக்கம், ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே அச்சை ஒரே மாதிரி வைத்து எழுதினேன்.

என் தப்பு அங்கேதான். அன்றைக்கு அது எனக்குத் தப்பாகப் படவில்லை. பாய் எழுத்து எழுதுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன் நான். வண்டியின் பெயரை இடது பக்கம் எழுதும்போது யாராவது கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பி எழுதுவார்களா? அது போலத்தான் அன்னமும் என்று நினைத்துவிட்டேன். வலது பக்கத்தில் கழுத்து வண்டியின் முகப்பைப் பார்த்தது. இடது பக்கத்தில் அதே கழுத்து வண்டியின் முதுகைப் பார்த்தது. கொட்டகையில் நின்ற வண்டியை எத்தனை பேர் பார்த்தார்கள் தெரியுமா? கொல்லன், தச்சன், முதலாளி, காய்ச்சல் விட்டு வந்த பாய், எல்லாரும். இரண்டு பக்கமும் அன்னம். “கோடு சுத்தமா இருக்கு” என்றார் பாய். நான் தரையில் நிற்கவில்லை.

வண்டி ஒரு நாள்தான் ஓடியது. புதன்கிழமை மத்தியானம் டிரைவர் மாரப்பன் வண்டியைக் கொட்டகைக்குள் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்னாலேயே முதலாளி காரில் வந்து இறங்கினார். முகம் சுண்டிப் போயிருந்தது.

“ஏனுங்க பாய், நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்?”

“அன்னம் கேட்டீங்க.”

“நீங்க எழுதினது என்ன?”

பாய் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அன்னந்தானுங்களே.”

“மாரப்பா, சொல்லுப்பா.”

மாரப்பன் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். சிரிப்பை அடக்குகிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. “வழியில ஒருத்தரும் ஏறலீங்க. கைய நீட்டவே இல்லீங்க. நானா நிறுத்திக் கேட்டா, நாங்க அன்னம் வண்டிக்கு நிக்கறோம், நீ போப்பாங்கறாங்க. இதுதான் அன்னம் வண்டின்னா, பருந்து போட்ட வண்டியக் கொண்டாந்து அன்னம்னு ஏய்க்கறயாங்கறாங்க. காரமடைகிட்ட ஒரு அம்மா கூடை நெறையக் கோழிக்குஞ்சு வெச்சிருந்துச்சுங்க. பருந்து வண்டியில குஞ்ச ஏத்தச் சொல்றயே, உனக்குக் கண்ணு தெரியலையா, புத்தி தெரியலையான்னு கேட்டுப்போட்டுதுங்க.”

“எல்லாருக்குமா கண் கெட்டுப் போச்சு?” என்றேன் நான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “இவன்தான் எழுதினானா?”

“கருடன்னு வெச்சுக்கலாமுங்களே, நல்ல சகுனந்தானுங்க” என்று மாரப்பன் எனக்காக ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தான்.

“கருடன் கேட்டனா நான்? வெள்ளிக்கிழமை காலையில வண்டிக்குச் சத்தியமங்கலத்துல பூசை. ஊட்டு அம்மா வர்றாங்க, சொந்தபந்தமெல்லாம் வருது. அதுக்குள்ள இது அன்னமா ஆகோணும். ஆகலைன்னா என் வண்டி ஒண்ணுகூட இனிமே இங்க நிக்காது. இன்னொண்ணும் சொல்லிப்போடறேன் பாய், இந்தப் பையன் கையில இனிப் பிரஷக் குடுக்கக் கூடாது. வேற எவன் வண்டிக்கும் குடுக்கக் கூடாது. கொட்டகைக்காரர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போறேன்.”

சொல்லிவிட்டே போனார். நான் உப்புத்தாளைப் பார்த்தேன். மூலையில் கிடந்தது.

பாய் டர்பன்டைன் டப்பாவை இழுத்து வைத்துக்கொண்டார். எப்போது இக்கட்டு வந்தாலும் அவர் முதலில் செய்வது பிரஷ்களைக் கழுவுவது. சுத்தமான பிரஷையும் எடுத்துக் கழுவுவார். கழுவிக்கொண்டே சொன்னார், “முப்பது பேரு பருந்துன்னு சொன்னா, முப்பது பேரும் பொய் சொல்ல மாட்டாங்க. அவங்க நின்ன எடத்துல நீ போயி நில்லு.”

தம்பிகளே, அந்த ஒரு வாக்கியத்தை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. ஆனால் அதை வைத்துத்தான் நாற்பது வருசம் பிழைத்தேன்.

மாரப்பனோடு வண்டியில் ஏறித் துடியலூர் போனேன். புளியமரத்தடியில் சனங்கள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் இறங்கி நின்றுகொண்டேன். வண்டியைத் தூரமாகக் கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு, என்னைத் தாண்டி ஓட்டச் சொன்னேன்.

வந்தது. நான் வெட்டிய அச்சு, நான் அடித்த நீலம். என் கண் முன்னால் பருந்தாகப் பறந்து போனது. மழுங்கின வால் தலையாகிவிட்டது. கழுத்து என்று நான் பார்த்துப் பார்த்து எழுதினது நீட்டின வாலாகிவிட்டது. இறக்கையைப் பார்த்தால் குஞ்சைத் தூக்க இறங்குகிற மாதிரியே இருந்தது. வண்டி நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அன்னம்.

“மாரப்பா, அப்படியே பின்னாடி எடு.”

“ரோட்டுலயா? ஏன்யா, வெயிலு தலைக்கு ஏறிருச்சா?”

“எடுய்யா, சொல்றேன்.”

பின்னால் எடுத்தான். அன்னம் பறந்தது. சாட்சாத் அன்னம், கழுத்தை நீட்டிக்கொண்டு. முன்னால் ஓட்டச் சொன்னேன், பருந்து. பின்னால், அன்னம். நாலு முறை பார்த்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கோடு மாறவில்லை, ஒரு சொட்டு வர்ணம் மாறவில்லை. எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் இருக்கிறதுதான் தலை. நிற்கிற வரையில், அன்னம் என்று சொன்னால் அன்னமாகத் தெரியும். ஓட ஆரம்பித்துவிட்டால் நீ சொல்கிற பேச்சை அது கேட்காது.

கொட்டகைக்குத் திரும்பி பாயிடம் சொன்னேன். அவர் கையில் பிரஷ் அப்படியே நின்றது. “நானும் நின்ன வண்டியத்தானே பாத்தேன்” என்றார். அப்புறம், “தப்பு என்னோடதும்” என்றார். முதலாளி இருந்தபோது அந்த வார்த்தை வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். போகட்டும்.

அவருடைய யோசனை, முதலாளி காலில் விழுந்தாவது நாலு நாள் கேட்பது. பழைய நீலத்தைச் சுரண்டி, பட்டி வைத்து, தேய்த்து, வெண்ணெய் வர்ணம் இரண்டு கை பூசி, அது காய்ந்து, அதன் மேல் அன்னத்தைத் திருப்பி எழுத வேண்டும். அன்றைய எனாமல் அவசரம் தெரியாத சாமான். வெள்ளிக்குள் நடக்காது. இருக்கிற அன்னத்துக்குக் கண் வைத்துவிடலாமா என்று நான் யோசித்தேன். கண் வைத்தால் அன்னம் முதுகுப் பக்கமாகப் பறக்கும், அது இன்னும் கேவலம். அதோடு பாய் கொட்டகையில் அது நடக்காது.

நானும் ஒரு பிரஷை எடுத்துக் கழுவ ஆரம்பித்தேன். கழுவக் கழுவத் தோன்றியது. ஓட்டம்தானே தலையைத் தீர்மானிக்கிறது? அப்படியானால் நான் எதற்குத் தீர்மானிக்க வேண்டும்? சுரண்ட வேண்டாம், அழிக்க வேண்டாம். வால் இருக்கிற பக்கத்திலும் இன்னொரு கழுத்தை எழுதிவிடுவோம். முன்னால் போகிறது கழுத்தாகட்டும், பின்னால் வருகிறது நீட்டின காலாகட்டும்.

“ரெண்டு தலைப் பறவையவா எழுதப் போற?” என்றார் பாய்.

“நின்னா ரெண்டு தலை. ஓடினா ஒண்ணுதான் பாய்.”

“அவரு நின்ன வண்டியப் பாத்தார்னா?”

அட்டையில் அந்த உருவத்தை வெட்டி, நீலம் அடித்து, சைக்கிள் கம்பியின் இடது பக்கம் கட்டிக்கொண்டு வியாழக்கிழமை காலையில் காரமடைக்கே மிதித்தேன். அந்தக் கோழிக்குஞ்சு அம்மாவைத் தேடிப் பிடித்தேன். என்ன, ஏது என்று ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் சொன்னதைத்தான் பார்ப்பார்கள். அவர் வாசலைத் தாண்டி வேகமாக மிதித்துப் போய், இறங்கிக் கேட்டேன்.

“ஏனுங்க அம்மணி, இப்ப சைக்கிள்ல என்ன போச்சு?”

“நீதான் போன.”

“இல்லீங்க, அட்டையில.”

“கால நீட்டிக்கிட்டு ஒண்ணு பறந்துச்சு. கொக்கு மாதிரி. அன்னமோ என்ன எழவோ.”

“பருந்து இல்லீங்களே?”

“பருந்துக்கு ஏது சாமி அவ்வளவு கழுத்து? இது குஞ்சத் தூக்காது, போ.”

அந்த அம்மா கொடுத்த சர்ட்டிபிகேட்தான் நான் வாழ்க்கையில் வாங்கின ஒரே சர்ட்டிபிகேட். திரும்பி வந்து, அதே தகட்டைப் புரட்டி வைத்து, கழுத்துப் பகுதியை மட்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று, இரண்டு பக்கத்து அன்னத்துக்கும் எழுதினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான். நனைத்த சாக்குகளை அன்றைக்குத்தான் முதல் முதலில் சுற்றிலும் தொங்கவிட்டேன், ஈர வர்ணத்தில் தூசி உட்காரக் கூடாதே என்று.

வெள்ளி காலை. மாலை போட்ட வண்டி கொட்டகை முற்றத்தில் நிற்கிறது. முதலாளி வந்தார், கூடவே அவர் வீட்டு அம்மா, பட்டுச் சேலையில். முதலாளி பார்த்தார்.

“ஏம்ப்பா, அன்னம் கேட்டா பருந்த எழுதின. இப்ப ரெண்டு பக்கமும் தலை வெச்ச பூதத்த எழுதியிருக்கற. என்னை என்னன்னு நெனச்ச?”

“நின்னத வெச்சுச் சொல்லாதீங்க முதலாளி. ஓடறதப் பாருங்க. பாத்ததுக்கு அப்பறமும் பூதம்னா, நானே பிரஷக் கீழ வெச்சுடறேன்.”

“பூசைக்குப் போற நேரத்துல உனக்கு வேடிக்கை காட்டோணுமா?”

அந்த அம்மா குறுக்கிட்டு, “ஓட்டச் சொல்லுங்க, பாக்கலாம். அன்னம் எனக்குத்தானே?” என்றார்.

மாரப்பன் வண்டியை ரோட்டுக்கு எடுத்து, தூரத்திலிருந்து ஓட்டி வந்தான். கதவுப் பக்கம் எங்களைத் தாண்டிப் போனது. அந்த அம்மா வண்டி போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னந்தாங்க. நல்லாக் கழுத்த நீட்டிப் பறக்குது. காலக்கூட எழுதியிருக்காங்க பாருங்க.”

முதலாளி நம்பவில்லை. திரும்பி வரச் சொல்லி வலது பக்கத்தைப் பார்த்தார். அன்னம். பின்னால் எடுக்கச் சொன்னார். அப்போதும் அன்னம், இந்தப் பக்கம் பார்த்து. இன்னொரு தரம் முன்னால், இன்னொரு தரம் பின்னால். மாரப்பனுக்கு ஸ்டியரிங் திருப்பிக் கை கழன்றிருக்கும். கடைசியில் முதலாளி சிரித்துவிட்டார். “பின்னாடி போனாலும் அன்னமாத்தான் போகுதே, இதென்ன மாயம்!” வண்டிக்கென்று வைத்திருந்த மாலைகளில் ஒன்றை எடுத்து நேராகப் போய் பாய் கழுத்தில் போட்டார். “உங்க கொட்டகையில தவிர வேற எங்கயும் என் வண்டி நிக்காதுங்க பாய்.”

பாய் என்னைப் பார்த்தார். “பையன் செஞ்சதுங்க” என்றார். சொல்லத்தான் செய்தார். ஆனால் மாரப்பன் அந்த நேரத்தில் இன்ஜினை முறுக்கினான். முதலாளி காதில் அது விழவில்லை. பாய் இரண்டாம் தரம் சொல்லவில்லை. பிரஷ் என் கையில் நின்றது, பிழைப்பு நின்றது, அன்றைக்கு எனக்கு அது போதும்.

அதற்கப்புறம் அந்த ரோட்டில் எத்தனையோ வண்டிக்கு அதே பறவையை எழுதினோம். ஒரே தகடு, இரண்டு பக்கத்துக்கும். பீளமேட்டுக் காலேஜிலிருந்து ஒரு வாத்தியார் வந்து, இரண்டு விதமாகத் தெரிகிற உருவத்தை நகர வைத்தால், நகருகிற பக்கத்தைப் பார்த்து மனசு ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கே விளக்கினார். “உனக்கு எப்படித் தெரிந்தது?” என்று கேட்டார். “துடியலூரில் பஸ்ஸுக்கு நின்றேன்” என்றேன். பிள்ளைகளிடம் பாடம் சொன்னபோது, உள்ளூர்ப் பெயிண்டர் ஒருவர் என்று சொன்னாராம். ஒருவர்! பாய் போய்ச் சேர்ந்தார். நல்ல சாவு, தூங்கினபடியே. அவர் கபருக்கு நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

உங்களுக்கு இன்றைக்கு ஒரு பொத்தானைத் தட்டினால் படம் திரும்பிக்கொள்ளும். என் மாதிரித் தப்பு செய்யவே வேண்டாம். ஆனாலும் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு உடனே பில் போடாதீர்கள். வண்டியை ஓட்டச் சொல்லி, ரோட்டோரம் போய், சனங்கள் நிற்கிற இடத்தில் நின்று ஒரு தரம் பாருங்கள். பக்கத்தில் நிற்கிறவரிடம் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். என்ன எழுதினீர்கள் என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் கேளுங்கள்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். உங்கள் சங்கத்து மலரில் போட நான் கொடுத்த பழைய பஸ் படத்தை அச்சுத் தாளில் என்னிடம் காட்டினீர்கள். அடியில் ‘பாய் அன்னம்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஊரே அப்படித்தான் சொல்கிறது, நானும் இத்தனை வருசம் வாயைத் திறக்கவில்லை. பாய் பெயருக்குக் குறுக்கே நிற்க எனக்கு மனசு வராது. என்னைத் தொழிலாளி ஆக்கியவர் அவர். கண் இல்லாத பறவை அவருடையது. அச்சு வெட்டும் முறை அவருடையது. முதல் கழுத்தைக்கூட அவருக்கே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டாம் கழுத்து என்னுடையது. தப்புச் செய்தவன் நான், ரோட்டில் நின்று கண்டுபிடித்தவன் நான், பிரஷைப் பணயம் வைத்தவன் நான். அந்தப் படத்துக்கு அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்துவிட்டேன். இரண்டாம் கழுத்து எழுதியவர் பெ. சின்னச்சாமி என்று போடுங்கள். ‘பெ’ விட்டுப் போகக் கூடாது, இந்த ஊரில் சின்னச்சாமிகள் நிறைய. போட முடியாது என்றால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது என்னுடைய படம்.